அடுப்பங்கரையான ஆலயம்

கி. பி. 1675-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் குளஸ்டர்ஷயர் மாவட்டத்தில் செவர்ன் ஆற்றின் கீழ்க்கரையிலுள்ள டீர்ஹர்ஸ்ட் என்னும் சிற்றூரில், ஒரு பழத்தோட்டத்திலிருந்து எழுத்துப் பொறித்த கல்லொன்று வெளிப்பட்டது. அதனைக் கண்டெடுத்தவர் ஜான் பவல் என்னும் கனவான். கல்லிலிருந்த மொழி இலத்தீன். அதன் கருத்தை நம் மொழியில் கூறின் இவ்வாறு அமையும்: ஒடா என்னும் ஏர்ல் பட்டத்தார் இவ்வரச மண்டபத்தைக் கட்டுவித்து, இவ்விடத்தில் உயிர் நீத்த தம் உடன்பிறந்தார் ஆல்ஃபிரிக்கின் ஆன்மாவின் பொருட்டு, பரிசுத்த திரித்துவத்தின் பெயரால் அர்ப்பணம் செய்வித்தார், அர்ப்பணச் சடங்கை நிகழ்த்தியவர் ஆல்ட்ரெட் மேற்றிராணியார், நாள், ஏப்ரல் ஐடஸுக்கு முந்திய நாள், ஆண்டு, ஆங்கிலேயர் மன்னர் எட்வர்டின் ஆட்சியாண்டு பதினான்கு.

நாட்கணக்கில் ஆர்வமுள்ள அன்பர்கள் இதனைத் தாமே சரிபார்க்கலாம். உரோமர் நாட்காட்டியில் ஏப்ரல் திங்களின் ஐடஸ் என்பது 13-ஆம் நாள். அதற்கு முந்திய நாள் 12. எட்வர்டு அரசுரிமை எய்தியது 1042-ஆம் ஆண்டு ஜூன் திங்களில். முடிசூடியது 1043-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள். இவ்விரண்டில் எதிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாலும் 1056-ஆம் ஆண்டு ஏப்ரல் 12, பதினான்காம் ஆட்சியாண்டினுள்ளேயே அடங்கிவிடுகிறது. அவ்வாண்டு ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 7. ஆகவே அர்ப்பணம் நடந்தது ஈஸ்டரை அடுத்த வெள்ளிக்கிழமை. தொள்ளாயிரத்து எழுபது ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூரில் நடந்த சடங்கின் கிழமையைக்கூட இன்று நாம் சொல்ல முடிகிறதென்றால், அது அந்த ஒரு கல்லின் உதவியே.

ஆண்டு விழா மலரில் கடல் கடந்த ஊரொன்றின் கோயிற் கதை எதற்கு என்று சிலர் வினவலாம். நான் இங்கிலாந்து சென்றவனல்லன்; நூலகப் புத்தகங்களின் வழியே அவ்வூரை அறிந்தவன். எனினும், கல்லும் கட்டடமும் பிரிந்து ஒன்றையொன்று அறியாமற் கிடந்த இக்கதையைப் படித்த நாள்முதல், யாரிடமேனும் கூறாமல் இருக்க முடியவில்லை. பழைய இடங்களை நேசிப்பவர்கள் எந்த ஊராராயினும் இதனைக் கேட்டு மகிழ்வர் என்பது என் நம்பிக்கை.

கல் கிடைத்தது, ஆனால் அக்கல் கூறும் "அரச மண்டபம்" எது? டீர்ஹர்ஸ்டில் அப்போது அனைவர் கண்ணிலும் படும்படி நின்ற பழைய ஆலயம் ஒன்றே ஒன்று. அது மரியன்னை ஆலயம். உயர்ந்த கோபுரமும், முக்கோண முகடு வைத்த இரட்டைச் சாளரமும் உடையது; ஒரு காலத்தில் துறவியர் மடத்தின் பகுதியாக விளங்கியது. பிற்காலத்தில் காண்டர்பரியின் தலைமை மேற்றிராணியாராகி, 1012-ஆம் ஆண்டில் டேனியர் கையால் உயிரிழந்த ஆல்ஃபெஜ் அடிகள், இளமையில் துறவு பூண்டது அம்மடத்தில்தான். அப்படிப்பட்ட ஆலயம் கூப்பிடு தொலைவில் நிற்க, தோட்டத்தில் கிடைத்த கல் வேறு எதனுடையதாக இருக்கும்? அறிஞர்கள் கல்லை அந்த ஆலயத்தின் கணக்கிலேயே எழுதிவிட்டனர். கல் ஆக்ஸ்போர்டு நகருக்குச் சென்று ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை அடைந்தது. மரியன்னை ஆலயத்தைக் கட்டியவர் ஏர்ல் ஒடா, ஆண்டு 1056 என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்காலம் பலரும் ஒப்புக்கொண்ட செய்தியாயிற்று.

அது பிழை. மரியன்னை ஆலயத்தின் பழைய பகுதிகள் ஒடாவின் காலத்திற்கு இருநூறு ஆண்டுகட்கும் முற்பட்டவை. ஒரு கல்லின் தவறான சேர்க்கையால் ஓர் ஆலயம் தன் வயதில் இரண்டு நூற்றாண்டை இழந்தது. மற்றோர் ஆலயம் தன்னையே இழந்தது.

நம் நாட்டுக் கோயில்களில் இத்தகைய பிழை எளிதில் நேராது. அங்கே கல்வெட்டு என்பது கட்டடத்தின் சுவரிலும் அதிட்டானத்திலும் நேராக வெட்டப்படுவது. சுவர் உள்ளவரை எழுத்தும் அதனோடு நிற்கும். (திருப்பணி என்ற பெயரில் கற்களை மாற்றி அடுக்கிக் கல்வெட்டுகளைத் துண்டாடியவர்கள் உண்டு, அது வேறு கதை.) டீர்ஹர்ஸ்டுக் கல்லோ தனிப்பலகையாகச் செதுக்கிப் பதிக்கப்பட்டது. பலகை கழன்றால் கட்டடம் ஊமை. கட்டடம் இல்லையேல் பலகை அனாதை. பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்நிலை புதிதன்று. லேபில் கழன்ற பெட்டி ஒரு மூலையில் கிடக்கும். பெட்டியில்லாத லேபில் மற்றொரு மூலையில் கிடக்கும். இரண்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்வரை இரண்டும் பயனற்றவை. அவசரத்தில் லேபிலை வேறு பெட்டியில் ஒட்டிவிட்டாலோ, வரும் வம்பு சொல்லி மாளாது.

இனி, கல்லில் பெயர் பொறித்தவர் யார் என்று காண்போம். ஒடா எட்வர்டு மன்னரின் உறவினர் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர். 1051-ஆம் ஆண்டில், நாட்டிலேயே வலிமை மிக்கவராயிருந்த ஏர்ல் காட்வினுக்கும் மன்னருக்கும் பகை முற்றி, காட்வினும் அவர் மக்களும் நாடு கடந்து செல்ல நேர்ந்தது. அவர்கள் வசமிருந்த நிலப்பரப்பில் சாமர்செட், டெவன், டார்செட், கார்ன்வால் ஆகிய மேற்குப் பகுதிகளை மன்னர் ஒடாவிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டே காட்வின் கப்பற்படையுடன் திரும்பினார். அவரைத் தடுக்கச் சாண்ட்விச் துறையில் நிறுத்தப்பட்ட படைக்கு ஒடாவும் ரால்ஃபும் தலைவர்கள். தடை பலிக்கவில்லை. காட்வின் மீண்டும் தம் பதவியைப் பெற்றார். ஒடாவின் மேற்கு ஆட்சி ஓராண்டில் முடிந்தது. பதவிப் போட்டியில் இத்தகைய ஏற்றத்தாழ்வு எந்நாட்டிலும் உண்டு, இதில் வியப்பில்லை. வியப்பானது அதன் பின்னர் நிகழ்ந்தது.

1053-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்னதாக, ஒடாவின் உடன்பிறந்தார் ஆல்ஃபிரிக் டீர்ஹர்ஸ்டில் காலமானார். அவருடலைப் பெர்ஷோர் மடத்திற்கு எடுத்துச் சென்று அடக்கம் செய்தனர். உடல் அங்கே போயிற்று. ஆனால் உயிர் பிரிந்த இடம் இது. ஒடா அந்த இடத்தில், தம் இல்லத்தை ஒட்டி, ஒரு சிற்றாலயம் எழுப்பத் தொடங்கினார். கல்லில் அவர் பயன்படுத்தியுள்ள இலத்தீன் சொல் சாதாரணமாகச் சகோதரன் என்பதைக் குறிக்கும் சொல்லன்று. ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்தவன் என்னும் பொருளுடையது. அண்ணனா, தம்பியா என்று கல் கூறவில்லை. தமிழில் எழுதும் நமக்கு அது தெரியாமல் ஒரு வாக்கியமும் நகர மறுக்கிறது. ஆகவே உடன்பிறந்தார் என்றே எழுதி வருகிறேன். உண்மையில் ஒடா சொல்ல விரும்பியதும் அதுதான் போலும்.

ஆலயம் எழுந்து முடிய இரண்டு ஆண்டும் சில மாதங்களும் ஆயின. அர்ப்பணம் செய்ய வந்த ஆல்ட்ரெட் மேற்றிராணியார் சாமானியரல்லர். வூஸ்டர் நகரின் மேற்றிராணியாராக இருந்தவர். 1058-ஆம் ஆண்டில் ஹங்கேரி வழியாக ஜெருசலேம் யாத்திரை சென்று திரும்பியவர். பின் யார்க் நகரின் தலைமை மேற்றிராணியாராகி, 1066-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, நார்மானியனாகிய வில்லியத்தின் தலையில் இங்கிலாந்தின் முடியைச் சூட்டியவர் அவரே. அத்தகையவர் அந்த வெள்ளிக்கிழமை ஆற்றங்கரைச் சிற்றூருக்கு வந்து, இரண்டே அறை கொண்ட கோயிலுக்குச் சடங்கு நடத்தினார்.

அதன் பின் ஒடா உலகில் இருந்தது 141 நாட்கள். இறுதிக்காலத்தில் பட்டத்தையும் செல்வத்தையும் விடுத்து, ஆல்ட்ரெட் கையாலேயே துறவாடை பெற்றார். 1056-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் டீர்ஹர்ஸ்டில் மறைந்து, உடன்பிறந்தார் உறங்கிய பெர்ஷோரிலேயே அடக்கமானார். ஆங்கில நாட்டின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடு, போர்களையும் பகைகளையும் அடுக்கிக்கொண்டு போகும் நடுவில் நின்று, அவர் நல்லவர், தூயவர், மிக உயர்குணத்தவர் என்று எழுதிவிட்டு மேலே செல்கிறது. அக்குறிப்பேடு எல்லாரையும் அப்படிப் புகழ்வதன்று.

ஒடா மறைந்தபின், அவருடைய டீர்ஹர்ஸ்டு நிலங்களை எட்வர்டு மன்னர் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் பாரிசுக்கு அருகிலுள்ள செயின்ட் டெனி மடத்திற்கும், மற்றொன்றைத் தாம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வெஸ்ட்மின்ஸ்டர் மடத்திற்கும் வழங்கினார். மரியன்னை ஆலயம் பிரெஞ்சு மடத்தின் கிளையாயிற்று. ஒடாவின் இல்லமும் சிற்றாலயமும் வெஸ்ட்மின்ஸ்டரின் பங்கில் சேர்ந்தன. ஒரே ஊரில் இரண்டு உடைமையாளர். 1066-இல் நார்மானியர் வெற்றிக்குப் பின் எடுக்கப்பட்ட 1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டிலும் இவ்விரு மடங்களின் பெயரும் டீர்ஹர்ஸ்டில் காணப்படுகின்றன.

அடுத்த ஐந்நூறு ஆண்டுகளை நான் விரைவாகவே கடந்து செல்கிறேன். எட்டாம் ஹென்றி மன்னர் 1536-க்கும் 1540-க்கும் இடையே மடங்களை யெல்லாம் கலைத்தார். இறந்தோர் ஆன்மாவின் பொருட்டுப் பூசை செய்யும் வழக்கத்தையே அடுத்து வந்த ஆட்சி ஒழித்தது. உடன்பிறந்தாரின் ஆன்மாவுக்காகக் கட்டிய சிற்றாலயத்திற்கு அதன்பின் என்ன வேலை? 16-ஆம் நூற்றாண்டிலோ 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அது வீடாக மாறியது. அதையொட்டி மரச்சட்டமிட்ட பண்ணை வீடொன்று எழுந்தது. அதற்கு ஆபட்ஸ் கோர்ட், அதாவது மடத்துத் தலைவர் மனை, என்று பெயர். மக்கள் நின்று தொழுத கூடம் அவ்வீட்டின் அடுப்பங்கரையாயிற்று. பலிபீடம் இருந்த உள்ளறையின் குறுக்கே மரத்தளம் போட்டு மேலே படுக்கையறை அமைத்தனர். சுவரில் சாந்து பூசினர். பூசிய சாந்துக்குள் வளைவு மறைந்தது, சாளரம் மறைந்தது. மூன்று தலைமுறை கழிந்தபின், அங்கே சமைத்த பெண்களுக்கும், பால் கறந்து வந்து வைத்த ஆட்களுக்கும், தாங்கள் நிற்கும் இடம் ஒரு கோயிலின் நடு என்று தோன்ற வழியே இல்லை. வாசலுக்கு வெளியே தோட்டத்து மண்ணுக்குள் அதன் பெயர்ப்பலகை கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனபோதும், வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்க்க எவருக்கும் எண்ணம் எழவில்லை.

எண்ணம் எழுந்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது டீர்ஹர்ஸ்டு ஆலயத்தின் குருவாக இருந்தவர் ஜார்ஜ் பட்டர்வொர்த். தம் ஊரின் வரலாற்றை ஒரு தனி நூலாக எழுதும் அளவுக்கு அவ்வூர் மீது பற்றுக்கொண்டவர். பண்ணை வீட்டில் திருத்த வேலை நடந்தபோது, பூச்சுக்குப் பின்னே பழைய சாளரமும் வளைவும் தலைகாட்டின. வீட்டு வேலைக்கென வெட்டிப் பயன்படுத்தப்பட்டிருந்த மற்றொரு எழுத்துக் கல்லும் அவ்விடத்திலேயே அகப்பட்டது. அது ஒரு பலிபீடத்தின் அர்ப்பணக் கல். அதிலும் பரிசுத்த திரித்துவத்தின் பெயரே இருந்தது. 1675-இல் கிடைத்த கல்லிலும் அதே பெயர். மரியன்னை பெயரால் விளங்கும் ஆலயத்திற்குத் திரித்துவத்தின் பெயரால் அர்ப்பணக் கல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இருநூறு ஆண்டு கழித்து விடை கிடைத்தது: அது அந்த ஆலயத்தின் கல்லே அன்று. தோட்டத்திலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் போன லேபில், இந்த அடுப்பங்கரைக்கு உரியது.

கட்டடத்தை இனிச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். கிழக்கு மேற்காக நீண்ட இரண்டே பகுதிகள். மேற்கே மக்கள் கூடும் கூடம்; ஏறத்தாழ 25 அடி நீளம், 16 அடி அகலம். கிழக்கே பீடம் இருந்த உள்ளறை. ஏறத்தாழ 14 அடிக்கு 11 அடி. நம் கோயிலின் மண்டபத்தையும் கருவறையையும் நினைத்துக்கொண்டால் அமைப்பு விளங்கிவிடும். கூடத்தின் பரப்பு ஏறக்குறைய 400 சதுர அடி. காலனியில் நாம் குடியிருக்கும் வீடுகளின் இரண்டு மூன்று அறைகளை ஒன்றாக்கினால் இவ்வளவு வரும். ஆனால் சுவரின் உயரம் சுமார் 17 அடி. அகலத்தைவிட உயரம் மிகுந்து தோன்றும் இந்த நெடுமை, நார்மானியர்க்கு முற்பட்ட ஆங்கிலேயக் கட்டடங்களின் இயல்பு. உள்ளே நுழைபவனின் பார்வை தானே மேலே செல்லும்.

சுவர்கள் கரடுமுரடான கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை; பெருஞ்செலவு செய்த கட்டடம் என்று சொல்ல முடியாது. ஆனால் மூலைகளைக் காண வேண்டும். மூலையில் ஒரு நீண்ட கல்லைத் தூண்போல் நிமிர்த்தி நிறுத்துவர். அதன்மேல் ஒரு தட்டைக்கல்லைப் படுக்க வைத்துச் சுவருக்குள் கடிக்கச் செய்வர். அதன்மேல் மீண்டும் நெடுங்கல், மீண்டும் படுக்கைக்கல். நெட்டைக் கல்லும் குட்டைக் கல்லும் மாறி மாறி மேலேறும். நிமிர்ந்த கல் பாரத்தைத் தாங்கும். படுத்த கல் இரு சுவர்களையும் பிணைத்துப் பிடிக்கும். நம் கொத்தனார்கள் எவரேனும் பார்த்தால் தலையசைப்பார்கள். இந்த மூலை வேலை ஆங்கிலோ-சாக்சன் கொத்தர்களின் கையெழுத்து. இதைக் கண்டே இங்கிலாந்தின் பல ஆலயங்களை அக்காலத்தவை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கின்றனர்.

கூடத்தையும் உள்ளறையையும் பிரிப்பது ஒரு வட்ட வளைவு. அதில் சிற்பம் எதுவுமில்லை. வளைவின் கால்கள் சிறிது உள்வாங்கி, குதிரை லாடத்தின் சாயல் மெல்லத் தெரியும்படி அமைந்துள்ளன. வளைவு தொடங்கும் இடத்தில் எளிய தாங்கு கற்கள். மேலே வளைவைச் சுற்றி ஒரு விளிம்புப் பட்டை. அவ்வளவே அலங்காரம். கூடத்துச் சுவரில் உயரத்தில் சாளரங்கள். அவற்றின் திறப்பு சுவரின் நடுவில் மிகக் குறுகியது. ஆனால் வெளிப்புறமும் உட்புறமும் புனல்போல் அகன்று விரிகிறது. கண்ணாடி அரிதாயிருந்த காலத்தில் குளிர்காற்று புகாதிருக்கத் திறப்பு சிறிதாக வேண்டும். புகுந்த சிறிது வெளிச்சமும் அறை முழுதும் பரவ வேண்டும். இரண்டு தேவைக்கும் ஒரே விடை அந்த விரிவு. சுவரின் கனத்தைக் குறையாகக் கருதாமல் விளக்காகப் பயன்படுத்திக்கொண்ட அறிவு அது.

இவ்வளவு எளிய கட்டடத்தைக் கல் "அரச மண்டபம்" என்று அழைப்பதேன்? இருநூறு ஆண்டுப் பிழைக்கு அச்சொல்லுக்கும் பங்குண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அரச மண்டபம் என்று படித்தவர்கள் பெரிய ஆலயத்தை நோக்கித் திரும்பினர். ஆனால் ஆலயத்தைக் குறிக்க மேலைநாட்டார் வழங்கும் பசிலிக்கா என்னும் சொல்லே, கிரேக்க மொழியில் அரசனைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அரச மண்டபம் என்பதே அதன் பொருள். கல்லை எழுதிய புலவர் அச்சொல்லை இலத்தீனில் விரித்து எழுதினார் போலும். நம் மொழியிலும் கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. அரசன் மனையும் இறைவன் மனையும் ஒரே சொல்லால் வழங்கும் மொழியில் பிறந்தவர்களுக்கு இது விளங்க அரை நொடி போதும்.

வரலாற்று அறிஞர்களுக்கு இச்சிற்றாலயம் ஒரு முழக்கோல். நார்மானியர் வருகைக்கு முந்திய ஆங்கிலேயக் கட்டடங்களில், கட்டிய நாளை உறுதியாகக் கூறத்தக்கவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. 685-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாளிட்ட ஜாரோ ஆலயத்துக் கல் அவற்றுள் பழமையானது. பெரும்பாலான ஆலயங்களின் காலத்தை ஊகித்தே சொல்ல வேண்டியிருக்க, டீர்ஹர்ஸ்டில் நாளே தெரிகிறது. ஒரு வளைவோ சாளரமோ இதனைப் போலிருந்தால், 1056-க்கு அருகில் என்று மதிப்பிட ஓர் ஆதாரம் கிட்டுகிறது. பெயர் திரும்பி வந்ததும், இக்கட்டடம் தன் கதையை மட்டுமன்றி, அண்டை ஊர்களின் கதையையும் சொல்லத் தொடங்கியது. மரியன்னை ஆலயமும் தனக்குரியதல்லாத ஆண்டினின்று விடுபட்டுத் தன் உண்மையான பழமையை அடைந்தது.

இனி, நான் எழுத வந்ததன் நடுப்பொருளுக்கு வருகிறேன். கோயிலை அடுப்பங்கரை ஆக்கினார்களே என்று முதலில் படித்தபோது என் மனம் சுளித்தது. படிக்கப் படிக்க அந்தச் சுளிப்பு மாறியது. ஒடாவின் காலத்திலேயே, பெருஞ்செலவில், எட்வர்டு மன்னர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். 1065-ஆம் ஆண்டு டிசம்பர் 28-இல் அது அர்ப்பணமாயிற்று. சில நாட்களில் மன்னர் மறைந்து அங்கேயே அடக்கமானார். அந்த ஆலயத்தைப் பின்வந்த மூன்றாம் ஹென்றி 1245 முதல் இடித்து, அதனினும் பெரிதாக இன்று நாம் படங்களில் காணும் ஆலயத்தைக் கட்டினார். மன்னன் மீதிருந்த பக்தியினாலேயே மன்னன் கட்டியது இடிந்தது. ஒடாவும் உடன்பிறந்தாரும் உறங்கிய பெர்ஷோர் மடத்து ஆலயமோ, மடங்கள் கலைக்கப்பட்டபோது பெரும்பகுதி இடிபட்டது. பெருமையுள்ள கட்டடத்தைப் பெருமைக்காகவே மாற்றுவார்கள். பகையுள்ள கட்டடத்தைப் பகைக்காகவே இடிப்பார்கள். டீர்ஹர்ஸ்டுச் சிற்றாலயத்திற்கு இரண்டு ஆபத்தும் நேரவில்லை. ஏனெனில் அது கோயில் என்று எவருக்கும் நினைவில்லை. அது ஒரு குடும்பத்தின் அடுப்பங்கரை. அடுப்பங்கரையின் கூரை ஒழுகினால் அன்றே அடைப்பார்கள். சுவர் விரிந்தால் அறுவடைக்குமுன் பூசுவார்கள். சோறு வேகும் இடத்தை யாரும் இடிய விடுவதில்லை. முந்நூறு ஆண்டுகள், தாம் இன்னதைக் காக்கிறோம் என்று அறியாமலே, அந்தப் பண்ணைக் குடும்பங்கள் ஆல்ஃபிரிக்கின் நினைவைக் காத்து வந்தன.

இதனால் கோயில்களை யெல்லாம் சமையலறை ஆக்கலாம் என்று நான் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டா. பக்கத்து மரியன்னை ஆலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியின் கதையும் உண்டு. சுருள் சுருளாகச் செதுக்கிய 9-ஆம் நூற்றாண்டுக் கல்தொட்டி அது; ஆங்கிலோ-சாக்சன் காலத் தொட்டிகளில் அதற்கு நிகரானது அரிது. அதன் கிண்ணப்பகுதி பண்ணையொன்றில் சாதாரணத் தொட்டியாகக் கிடந்தது. தண்டுப்பகுதி வேறோரிடத்தில் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் இரண்டையும் தேடிச் சேர்த்து ஆலயத்தில் நிறுத்தினர். அங்கேயும் பிரிந்தவை கூடின. எனினும் தொட்டி பிழைத்தது தற்செயல். ஒரு உதை போதும், உடைந்திருக்கும். கட்டடத்தின் செய்தி வேறு. அதில் மனிதர் வாழ்ந்தனர்.

டீர்ஹர்ஸ்டு இன்றும் சிற்றூரே. அருகிலுள்ள நகரம் ட்யூக்ஸ்பரி. அங்கிருந்து சில மைல். செவர்ன் ஆறு பெருகும் காலங்களில் சுற்றிலுமுள்ள புல்வெளிகள் ஏரியாகிவிடும். 2007-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ட்யூக்ஸ்பரியைச் சூழ்ந்த வெள்ளத்தின் படங்களை உலகமே கண்டது. சிற்றாலயம் இப்போது இங்கிலாந்தின் பழஞ்சின்னங்களைக் காக்கும் அமைப்பின் பொறுப்பில் உள்ளது. பூச்சு நீங்கி, உள்ளறையும் கூடமும் வெறுங்கற்சுவருடன் நிற்கின்றன. கட்டணம் எதுவுமின்றி எவரும் உள்ளே சென்று பார்க்கலாம். 1675-இல் எடுத்த மூலக்கல் ஆக்ஸ்போர்டிலேயே இருக்கிறது. அதன் படியொன்றைச் செய்து சிற்றாலயத்தில் வைத்துள்ளனர். கல்லாலான கூடத்தை ஒட்டி, வெள்ளைச் சுவரும் கருத்த மரச்சட்டமுமாக, அந்தப் பண்ணை வீடு இன்னும் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சுவர்தான்.